தக்காளிக்காகத் தேதியை மாற்ற வேண்டாம்

கேள்வி: நானும் கணவரும், 11 வயது மகளும், 67 வயது மாமியாரும் வரும் ஆகஸ்ட் 11 முதல் 22 வரை ஸ்பெயின் போகிறோம். பார்சிலோனாவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஊர் சுற்றிப் பார்ப்பதைவிட, அங்கே கோடையில் நடக்கும் திருவிழா ஒன்றை அந்த ஊர் மக்களோடு சேர்ந்து அனுபவிக்க வேண்டும் என்பது என் ஆசை. கணவருக்கோ தக்காளித் திருவிழாவும் காளை ஓட்டமும்தான் கனவு. தக்காளித் திருவிழா மாதக் கடைசியில் என்கிறார்கள். பயணத்தைத் தள்ளிப்போடலாமா? மாமியார் சுத்த சைவம், நெரிசலும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.
- ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தள்ளிப்போட வேண்டாம். ஸ்பெயினில் திருவிழாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும் வாரத்தில்தான் நீங்கள் போகிறீர்கள். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. நாடு முழுக்க விடுமுறை. மத்ரித்தின் பழைய பேட்டையில் லா பலோமா மாதா விழா, வடக்கே சான் செபாஸ்தியான் கடற்கரையில் வாணவேடிக்கைப் போட்டி என்று, நாட்டின் பாதி ஊர்களில் அந்த வாரம்தான் ஊர்த் திருவிழா.

முதலில் உங்கள் கணவரின் கனவைப் பற்றிப் பேசிவிடுவோம். தக்காளித் திருவிழா நடப்பது வலென்சியா பக்கத்து புன்யோல் என்ற சிற்றூரில், ஆகஸ்டின் கடைசிப் புதன்கிழமை. 1945-இல் ஊர்வலத்தின் நடுவே இளைஞர்களுக்குள் மூண்ட தள்ளுமுள்ளில், பக்கத்துக் காய்கறிக் கடைத் தக்காளி பறந்ததில் தொடங்கியது என்பார்கள். ஏறத்தாழ 10,000 பேர் வாழும் ஊர் அது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால் 2013 முதல் ஏறத்தாழ 20,000 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் கட்டணச் சீட்டோடு. மொத்த ஆட்டமும் ஒரு மணி நேரம். சந்தோஷமான ஒரு மணி நேரம்தான், மறுக்கவில்லை. ஆனால் குறுகிய தெருவில் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் மாமியாரும் மகளும் அங்கே என்ன செய்வார்கள்? சுற்றிலும் இருப்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே வெளியூர்க்காரர்கள். ஊர் மக்களோடு சேர வேண்டும் என்ற உங்கள் ஆசை அந்தத் தெருவில் நிறைவேறாது.

காளை ஓட்டத்துக்குப் பேர்போனது பாம்ப்லோனா நகரத்து சான் ஃபெர்மின் விழா. அது ஜூலை 6 முதல் 14 வரை. உங்கள் பயணத்துக்குள் வராது. ஆகஸ்டில் வலென்சியா பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் தெருவில் காளை விடுவார்கள். யார் கூப்பிட்டாலும் உங்கள் கணவர் அதில் இறங்கக் கூடாது. பாம்ப்லோனாவில் மட்டும் 1910 முதல் 16 பேர் செத்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு வருஷமும் ஓடிப் பழகியவர்களே குத்துப்படுகிறார்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: அங்கே காலையில் தெருவில் ஓடும் காளைகள் மாலையில் அரங்கத்தில் கொல்லப்படுகின்றன. மகளைக் கூட்டிக்கொண்டு போய் அதைப் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் ஆசைக்கு வருவோம். பார்சிலோனாவில் இறங்கிய மறுநாளே ரயில் ஏறி, தெற்கே அலிகாந்தே பக்கத்து எல்சே நகருக்குப் போய்விடுங்கள். அங்கேயும் அந்த வாரம்தான் மாதா விழா. அலிகாந்தே வரை சுமார் 5 மணி நேரம். அங்கிருந்து புறநகர் ரயிலில் இன்னும் அரை மணி. எல்சே ஊரிலும் சுற்றுப்புறத்திலுமாக 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பேரீச்சை மரங்கள் இருக்கின்றன. அரபு மக்கள் வாய்க்கால் வெட்டி உருவாக்கிய தோப்பு அது. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பகலில் வெயில் கொளுத்தும்போது மாமியாருக்கு நிழலுக்குக் குறைவிருக்காது.

ஆகஸ்ட் 13 இரவை 'நித் தெ லால்பா' என்கிறார்கள், விடியலின் இரவு. முந்தைய காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் பிள்ளைக்கு ஒன்று என்று கணக்குவைத்து, மாதாவுக்கு நன்றியாக மொட்டை மாடியிலிருந்து ராக்கெட் வாணம் விடுமாம். இன்று ஊர் முழுக்க மாடிகளிலிருந்து வாணம் கிளம்புகிறது. நள்ளிரவு நெருங்கும்போது ஊர் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். அந்த இருட்டில், சாந்தா மரியா பேராலயத்தின் கோபுரத்திலிருந்து ஒரே ஒரு பிரம்மாண்டமான வெள்ளை வாணம் எழுந்து பனை மரம்போல் விரியும். ஊரே அண்ணாந்து நிற்கும். அப்புறம் மாடிகளில் தர்பூசணி வெட்டிப் பங்கு போடுவது வழக்கம். அதனால் மொட்டை மாடி உள்ள தங்கும் இடமாகப் பாருங்கள். அறை கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. நள்ளிரவுக்குப் பிறகு சில இடங்களில் சீறிப் பாயும் வெடிகளை ஒருவர்மேல் ஒருவர் விட்டு விளையாடுவார்கள். அந்தப் பக்கம் போகாமல் மாடியிலேயே இருந்துவிடுங்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளுமாகப் பேராலயத்துக்குள் 'மிஸ்தெரி' நாடகம் இரண்டு பகுதிகளாக நடக்கும். மாதாவின் மரணத்தையும் விண்ணேற்பையும் பழைய வலென்சிய மொழியில் முழுக்க முழுக்கப் பாட்டாகவே நடிக்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. ஆலயங்களுக்குள் நாடகம் கூடாது என்று திருச்சபை தடுத்த காலத்திலும், 1632-இல் திருத்தந்தை எட்டாம் உர்பன் இதற்கு மட்டும் தனி அனுமதி கொடுத்தார். நடிப்பவர்கள் எல்லாருமே ஆண்கள்; மாதாவாகப் பாடுவது ஒரு சிறுவன். குவிமாடத்தின் அடியில் வானம் வரைந்த துணியை விரித்துக் கட்டியிருப்பார்கள். அதில் ஒரு கதவு, அதுதான் சொர்க்கவாசல். அது திறந்ததும் 'மங்ரானா', அதாவது மாதுளை, என்று அவர்கள் அழைக்கும் உருண்டை ஒன்று கயிற்றில் மெல்ல இறங்கும். பாதி வழியில் அது எட்டு இதழாக விரிய, உள்ளே பொன்னிற ஓலை ஏந்திய தேவதூதச் சிறுவன் பாடிக்கொண்டே வருவான். மேலிருந்து பொன்னிறத் தாள் துணுக்குகள் உதிரும். கயிற்றை இறக்குவது இன்றும் மேலே நிற்கும் மனிதர்களின் கைகள்தான். கீழே கூட்டம் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்க்கும். விசிறி என்றதும் நினைவு வருகிறது: உள்ளே புழுக்கம் அதிகம், ஆளுக்கொரு கைவிசிறி வாங்கிக்கொள்ளுங்கள்.

14, 15 தேதிகளில் நுழைவு இலவசம், ஆனால் நெரிசல். 11 முதல் 13 வரை நடக்கும் முழு ஒத்திகைக்குக் கட்டணச் சீட்டு உண்டு. இரண்டு பகுதிகளையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். மாமியாரை 13-ஆம் தேதி ஒத்திகைக்கு அழைத்துப் போய் உட்காரவையுங்கள். சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் விற்பனை தொடங்கியதுமே வாங்கிவிடுவது நல்லது. 14 இரவு 'ரொவா' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மெழுகுவர்த்தி ஏந்தி, பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விடிய விடிய நடப்பார்கள். நீங்களும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு அவர்களோடு நடக்கலாம். நீங்கள் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டுக் கவலை நியாயமானது. அங்கே 'காய்கறி சாலட்' என்று கேட்டாலும் மேலே சூரை மீன் தூவி வரும். பொரித்த கத்தரிக்காயிலோ சூப்பிலோ பன்றித்தொடை இறைச்சி கலந்திருக்கும். 'சின் ஹமோன், சின் அத்தூன்' (பன்றித்தொடையும் சூரையும் இல்லாமல்) என்று மாமியாருக்கே சொல்லப் பழக்கிவிடுங்கள். தக்காளி தேய்த்த ரொட்டி, குளிர்ந்த கஸ்பாச்சோ சூப், பொரித்த பச்சை மிளகாய், சுட்ட கத்தரி குடைமிளகாய் எல்லாம் தைரியமாகச் சாப்பிடலாம். கோரைக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஓர்சாத்தா பால் வெயிலுக்கு அருமையானது. அதில் மாட்டுப்பால் கிடையாது. இரவு உணவகங்கள் பெரும்பாலும் 9 மணிக்குத்தான் களைகட்டும் என்பதால், மதியம் எல்லாருமாகத் தூங்கி எழுந்துவிடுங்கள். 15-ஆம் தேதி கடைகள் அடைத்திருக்கும். முதல் நாளே பழமும் தண்ணீரும் வாங்கி வையுங்கள்.

16-ஆம் தேதி பார்சிலோனாவுக்குத் திரும்பினால், கிராசியா பேட்டையின் திருவிழா 21 வரை நடந்துகொண்டிருக்கும். 1897-இல் நகரத்தோடு சேர்க்கப்படும்வரை கிராசியா தனி ஊர். அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை. ஒவ்வொரு தெருக்காரர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி போன்ற கழிவுகளைக்கொண்டே தெரு முழுக்கக் கூரைபோல் அலங்காரம் கட்டுகிறார்கள். சிறந்த தெருவுக்குப் பரிசும் உண்டு. மாமியாரையும் மகளையும் காலையில் கூட்டிப்போங்கள். கூட்டம் இல்லாமல் நின்று பார்க்கலாம். இரவில் பாட்டும் நெரிசலுமாக இருக்கும். பேய் வேடமிட்டவர்கள் தீப்பொறி பறக்க ஓடிவரும் 'கோர்ரெஃபோக்' நடந்தால், முழுக்கைப் பருத்திச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு தள்ளியே நில்லுங்கள்.

அந்த நாட்களில் மனிதக் கோபுரமும் எழும்பும். 'காஸ்தெல்' என்பார்கள், 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உச்சிக்கு ஏறுவது ஒரு குழந்தை. ஏறிக் கையை உயர்த்தியதும் கோபுரம் முடிந்துவிட்டதாக நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். ஒருவரும் விழாமல் பிரித்து இறங்கினால்தான் அது முழு வெற்றி.

உங்கள் கணவருக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது இதுதான். கோபுரத்தின் அடியில் நூற்றுக்கணக்கானோர் நெஞ்சோடு முதுகாக நெருக்கிநின்று தாங்குவார்கள். அதற்கு 'பின்யா' என்று பெயர். அதன் வெளி விளிம்பில் கூட்டத்திலிருந்தும் கைகொடுக்க ஆட்களைக் கூப்பிடுவதுண்டு. தெருவில் காளைக்கு முன்னால் ஓடுவதற்குப் பதிலாக அங்கே போய், கேட்டு, அனுமதித்தால் நிற்கட்டும். கண்ணாடி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி உங்களிடம் கொடுத்துவிட்டு, கைகளை நீட்டி முன்னால் இருப்பவரின் முதுகை அழுத்திப் பிடித்து, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மேலே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 'கிரால்யா' என்ற நாதசுரம் போன்ற சின்னக் குழலை ஊதுவார்கள். மேலே குழந்தை கையை உயர்த்தியதும் இசை மாறும். அதைக் கேட்டுத்தான் கீழே நிற்பவர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.