கோல்கீப்பராக நிற்கும் மகனும் எச்-4 விசாவும்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பதினோராம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் உள்ளரங்கக் கால்பந்தில் கோல்கீப்பராகி, பிறகு கோச் ஆவதுதான் என் வேலை என்று அடம்பிடிக்கிறான். அவன் அப்பா இரண்டு வாரமாக அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பையன் சொல்வது வெறும் கனவு இல்லை. ஆனால் இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறான். ஆடுவது ஒரு வேலை, பயிற்சி கொடுப்பது வேறு வேலை. முதலாவதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இரண்டாவது முயன்றால் கைகூடும்.

அமெரிக்காவில் நீங்கள் இருக்கும் செயின்ட் லூயிஸ் நகரத்தின் கதையையே பாருங்கள். 1979இல் அங்கே ஸ்டீமர்ஸ் என்ற உள்ளரங்க அணி தொடங்கியது. அதே அரங்கில் ஆடிய புளூஸ் ஐஸ் ஹாக்கி அணியை விட அதிகக் கூட்டம் சேர்ந்த காலமும் அதற்கு உண்டு. 1988இல் அணியை மூடிவிட்டார்கள். அது ஆடிய லீக்கும் 1992இல் போயிற்று. இப்போது பக்கத்து செயின்ட் சார்ல்ஸில் ஆம்புஷ் என்ற உள்ளரங்க அணி ஆடுகிறது. சீசன் சில மாதங்கள்தான். அதில் ஆடுகிறவர்கள் பலரும் மீதி நேரத்தில் சிறுவர் கிளப்புகளில் கோச்சாகவோ வேறு வேலையிலோ இருப்பார்கள். இதை அவன் அப்பா சொன்னால் சண்டையாகும். அவனே ஆட்டம் முடிந்ததும் நின்று ஒரு ஆட்டக்காரரிடம் கேட்கட்டும்.

கோல்கீப்பர்கள் நல்ல கோச் ஆவார்களா என்று கேட்டிருந்தீர்கள். உள்ளரங்கத்தில் களத்தைச் சுற்றிப் பலகைச் சுவர் இருக்கும். கோலுக்கு வெளியே போன பந்தும் சுவரில் பட்டுத் திரும்ப முன்னால் வந்து விழும். ஆகவே கீப்பருக்கு ஒரு பந்தைத் தடுத்ததோடு வேலை முடியாது, அடுத்தது எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தப்புக்கு எதிரணிக்காரர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தால், தாக்குதலுக்கு முதல் பந்தை எறிவதும் பல நேரம் இவர்தான். தன் அணியின் ஒழுங்கு எங்கே உடைகிறது என்பது அவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். கோச் தொழிலுக்கு இது பெரிய முதலீடு. கிளப்புகளில் பெற்றோர் தன்னார்வலர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். ஆனால் கீப்பரைத் தனியாக நிறுத்திச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம்.

டோனி மியோலாவை அவனுக்குத் தெரிந்திருக்கும். 1990, 1994 உலகக் கோப்பைகளில் அமெரிக்காவுக்குக் கோல் காத்தவர். அதன் பிறகு பஃபலோ பிளிஸார்ட் அணியில் உள்ளரங்கமும் ஆடினார். 2015இல் ஜாக்சன்வில் அர்மாடா கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரானார், அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பு போயிற்று. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்தக் கதி. ஷெப் மெஸ்ஸிங் என்ற கீப்பர் இன்னொரு மாதிரி: ஹார்வர்டில் படித்தவர், 1972 ஒலிம்பிக்கில் ஆடியவர், நியூயார்க் ஏரோஸின் உள்ளரங்க அணியில் கோப்பைகள் வென்றவர், பிறகு தொலைக்காட்சி வர்ணனைக்குப் போனார். இருவரில் மெஸ்ஸிங்கின் பாதைதான் எனக்குப் பிடிக்கும். காரணம் சின்னது: கையில் படிப்பு இருந்தது.

கல்லூரி அணியில் ஆட வேண்டுமானால், கல்லூரிக் கால்பந்து முழுக்க வெளிமைதானத்தில்தான். உள்ளரங்கக் கோல் 14 அடி அகலம், வெளியில் 24 அடி. உயரம் ஒன்றுதான், ஆனால் பக்கவாட்டிலிருந்து தூக்கிப் போடும் பந்தைப் பாய்ந்து பிடிக்கிற பழக்கம் உள்ளரங்கத்தில் அவ்வளவாக வராது. இந்த ஆண்டே வெளிமைதானக் கிளப்பிலும் அவன் ஆடியாக வேண்டும். ஒரு கல்லூரி அணியில் மூன்று நான்கு கீப்பர்கள் இருப்பார்கள், ஒருவர்தான் ஆடுவார். கல்லூரி விளையாட்டில் மூன்றாம் டிவிஷன் என்ற பிரிவில் உள்ள கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. படிப்புக்குத் தரும்.

இனி உங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம். நீங்கள் எச்-1பி என்ற வேலை விசாவில், பையன் அதைச் சார்ந்து குடும்பத்தினருக்குத் தரும் எச்-4 விசாவில். பணி அனுமதி இல்லாமல் அவன் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் வாங்க முடியாது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு நடுவராக (ரெஃப்ரி) நின்று வாங்கும் காசும் அதில் சேரும். 21 வயதானால் எச்-4 முடியும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் 12 மாத ஓபிடி என்ற பணி அனுமதியில் செய்யும் வேலை, படித்த பாடத்தோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். கணினி படித்துவிட்டு முழுநேரக் கோச்சாகப் போனால் அங்கே இடிக்கும். கணினி வேலையில் எச்-1பி கிடைத்தாலும், சாயங்காலம் கிளப்பில் சம்பளத்துக்குக் கோச்சிங் செய்ய முடியாது. நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டை (கிரீன் கார்டு) எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. குடியேற்ற வழக்கறிஞரிடம் முதலில் அதைக் கேளுங்கள், கல்லூரிப் பட்டியல் அப்புறம்.

அதுவரை சம்பளமில்லாமல் செய்ய முடிந்தவை இருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான யுஎஸ் சாக்கரின் தொடக்கநிலைப் பயிற்சியாளர் வகுப்புகளை முடிக்கலாம். யுனைடெட் சாக்கர் கோச்சஸ் அமைப்பு கோல்கீப்பர் பயிற்சிக்கென்றே சான்றிதழ் தருகிறது. கிளப்பில் பத்து வயதுக் கீப்பர்களோடு வாரம் ஒருநாள் தன்னார்வமாக நின்றால், சொல்லிக்கொடுப்பது தனக்குப் பிடிக்கிறதா என்று அவனுக்கே தெரிந்துவிடும். கோச்சின் வேலை நேரம் சாயங்காலமும் வார இறுதியும். அது ஒத்துவருமா என்பதும் தெரியும். ஓடியாடத் தெரிந்த எல்லோருக்கும் ஒத்துவராது, என்னையும் சேர்த்துத்தான்.

தலையில் அடி படுவதைப் பற்றி நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1983இல் உள்ளரங்க லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கிய கீப்பர் ஆலன் மேயர் தலைக்காப்பு போட்டுக்கொண்டுதான் ஆடினார். அடிபட்டால் அன்று திரும்பக் களத்துக்குப் போகக் கூடாது. அதில் பேரம் வேண்டாம்.

அடுத்து நாம் பேசும்போது அவன் அப்பாவும் இருக்கட்டும். அதற்கு முன் மதிப்பெண் பட்டியலையும், பையன் ஆடிய ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவையும் அனுப்பி வையுங்கள். நன்றாகத் தடுத்ததை மட்டும் வெட்டி ஒட்டியது வேண்டாம், கோல் விட்டதும் இருக்கட்டும். விட்ட அடுத்த நிமிடம் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.