ஸ்லீவ் செய்து ஐந்து வருடம்: தட்டில் கொஞ்சம்தான், எடை மட்டும் ஏறுகிறது

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன், எடை குறைக்க இரைப்பையைக் குழாய்போல் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 112 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்தேன். கடந்த ஒன்றரை வருடத்தில் 7 கிலோ ஏறிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் இன்றும் பாதித் தட்டுக்கு மேல் இறங்குவதில்லை. வயிறு மறுபடி விரிந்துவிட்டதா? ஐந்து நாள் வெறும் திரவ உணவு எடுத்தால் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஐந்து நாள் திரவம் குடித்தால் இரண்டு கிலோ குறையலாம், அதில் பெரும்பகுதி நீர். ஆறாம் நாள் சாப்பிட ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிடும். இரைப்பையின் அளவை அது மாற்றாது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேலாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சிய குழாய் வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் விரிவது இயல்புதான். ஆனால் உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பாதித் தட்டில் வயிறு நிறைகிறது என்றால் அந்தக் குழாய் இன்னும் தன் வேலையைச் செய்கிறது. அப்படியானால் கூடுதல் உணவு சாப்பாட்டு வேளையில் போகவில்லை. வேறு வழியாகப் போகிறது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு பிஸ்கெட், இன்னொன்றில் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பிஸ்கெட் கூழாகி, டம்ளரைச் சாய்த்தால் ஊற்றிவிடலாம் என்ற நிலையில் இருக்கும். கோழி போட்டது போட்டபடியே கிடக்கும். வயிற்றுக்குள் நடப்பது இதேதான் என்று சொல்ல முடியாது, ஆனால் ஏறக்குறைய இதுதான். கெட்டியான உணவு அந்தக் குறுகிய குழாயில் தங்கி அழுத்தம் கொடுக்கும், 'போதும்' என்ற உணர்வு வரும். பிஸ்கெட், சிப்ஸ், ஐஸ்கிரீம், கேக் எல்லாம் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நிறைவே தெரியாமல் மாலைக்குள் பத்து பிஸ்கெட் போய்விடும். ஒன்றுக்கு 40, 50 கலோரி என்று வைத்தாலும் ஒரு வேளைச் சாப்பாடு கணக்கில் வராமல் உள்ளே போயிருக்கிறது.

என்னிடம் வருகிறவர்களை மூன்று நாள் எழுதி வரச் சொல்வேன். சாப்பாட்டு வேளைகள் ஒழுங்காக இருக்கும். நடுவில் என்ன என்று கேட்டால்தான் வரும்: இரண்டு முறை சர்க்கரை போட்ட டீ, கூடவே பிஸ்கெட், சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்தது, டிவி முன்னால் ஒரு கை சிப்ஸ். யாரும் பொய் சொல்வதில்லை. தட்டில் வைத்துச் சாப்பிடாதது சாப்பாடு என்றே தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

முதல் வருடம் இந்தத் தொல்லை இருந்திருக்காது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியையும் சேர்த்துத்தான் வெட்டி எடுக்கிறார்கள். அதனால் ஆரம்பத்தில் பசியே தெரியாது. அப்புறம் மெல்லத் திரும்பும். பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் எடை ஆகக் குறைந்த அளவைத் தொட்டு, பிறகு சற்று ஏறும். நீங்கள் இழந்தது 38 கிலோ, திரும்பியது 7. பதற வேண்டிய அளவல்ல, ஆனால் இப்போதே பிடித்து நிறுத்தினால்தான் சுலபம்.

சரி, என்ன செய்வது? மூன்று வேளைச் சாப்பாட்டை நேரம் குறித்துத் திரும்பக் கொண்டு வாருங்கள். இடையில் பசித்தால் ஒரே ஒரு சிற்றுண்டி, அதையும் தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டில் முதலில் புரதம்: முட்டை, மீன், கோழி, பருப்பு வகை, பனீர், எது ஒத்துக்கொள்கிறதோ அது. அப்புறம் காய். மாவுச்சத்து கடைசியில், இடமிருந்தால். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதை நினைத்தால், காலையில் டீயும் பிஸ்கெட்டும் எவ்வளவு இடத்தை வீணாக்குகின்றன என்பது புரியும். ஆரம்ப வாரங்களில் உதவிய புரோட்டீன் ஷேக் இப்போது தினசரிச் சாப்பாட்டுக்கு மாற்றாக வேண்டாம். அதுவும் வழுக்கி இறங்கும் வகைதான்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்று அப்போதே சொல்லியிருப்பார்கள். ஐந்தாம் வருடத்தில் அதிகம் பேர் கைவிடுவது இதைத்தான். விக்கினால் ஒரு வாய் குடிப்பதில் தப்பில்லை. ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீரால் தள்ளுவதுதான் தப்பு. பழச்சாறும் குளிர்பானமும் நிறைவு தராத கலோரி. மது இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் அது வேகமாக ரத்தத்தில் ஏறும், சில வருடம் கழித்துப் பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு.

இன்னொன்று கேட்கிறேன்: நெஞ்செரிச்சல் இருக்கிறதா? ஸ்லீவ் செய்தவர்களுக்கு அது சகஜம். கெட்டியான உணவு தொண்டையில் அடைப்பதுபோல் இருப்பதால் பலர் தெரியாமலே மெத்தென்ற, கரையும் உணவுக்கு மாறிவிடுகிறார்கள். அப்படியிருந்தால் எடையைப் பார்ப்பதற்கு முன் எரிச்சலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அடிக்கடி வாந்தி வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள். வேறு நோய்க்கு எடுக்கும் சில மாத்திரைகளும் எடையை ஏற்றும். பட்டியலைக் காட்டிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சத்து மாத்திரைகளையும் நிறுத்தியிருப்பீர்கள் என்று ஒரு சந்தேகம். பி12 உடலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருக்கும் என்பதால் குறைபாடு தாமதமாகத்தான் வெளியே தெரியும். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் எல்லாவற்றுக்கும் வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை தேவை. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்க வேண்டாம், இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

முதலில் மூன்று நாள் எழுதுங்கள், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். மணி, என்ன, எவ்வளவு, தட்டிலா கையிலா என்று நான்கு கட்டம் போதும். பிறகு சொன்னபடி ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டும் எடை ஏறிக்கொண்டே இருந்தால், அந்தத் தாளையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு உங்கள் சர்ஜனைப் பாருங்கள். குழாய் உண்மையிலேயே விரிந்திருக்கிறதா என்பதை எண்டோஸ்கோப்பியிலோ பேரியம் எக்ஸ்ரேயிலோ பார்த்துவிடலாம். எடையைக் கட்டுப்படுத்த மருந்துகளும் இப்போது இருக்கின்றன, தேவையா என்பதை அவர் சொல்வார்.