சிங்கப்பூரின் ஓஃபீர் சாலை லூர்து அன்னை ஆலயம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதுதானே? அதைத் தமிழர் மரபுடைமை என்று எப்படிச் சொல்வது?

பள்ளி ஒப்படைப்புக்காகவோ, மரபுடைமை நடை ஒன்றில் கலந்துகொண்ட பிறகோ இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பம் தலைமுறைகளாக அந்த ஆலயத்தைச் சேர்ந்தது. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். நான் வரலாற்றாசிரியனும் அல்லன். ஆனாலும் இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவங்களில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டியவர் யார் என்பதில் எந்த வழக்கும் இல்லை. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த மெனுவ்ரியே என்ற பிரெஞ்சுக் குருவே பணியை முன்னின்று நடத்தினார். 1886 ஆகஸ்ட் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 1888 மே 20 அன்று ஆயர் எட்வர்ட் கஸ்னியே ஆலயத்தை மந்திரித்துத் திறந்துவைத்தார். கூர்முனை வளைவுகளும் உயர்ந்த கூம்புக் கோபுரமும் கொண்ட கோதிக் பாணியும் பிரான்சின் லூர்து நகரப் பேராலயத்தை மனத்தில் கொண்டு அமைந்ததே. இவற்றையெல்லாம் மறுத்துப் பேசினால் எங்களுக்குத்தான் இழுக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஏற்பாடு செய்த மரபுடைமை நடையொன்றில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கலந்துகொண்டேன். வழிகாட்டியாக வந்தவர் ஒரு தமிழ் இளைஞர்; நன்றாகப் பேசினார், குரலும் எடுப்பாக இருந்தது. ஆலய வாசலில் நின்று, கையிலிருந்த தாளைப் பார்த்து ஆண்டையும் பாணியையும் கோபுரத்தையும் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, “பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களின் அழகான நினைவுச்சின்னம்” என்ற பொருளில் முடித்தார். தமிழர் என்ற பேச்சே வரவில்லை. படமெடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் நகரப் பார்க்கையில் அம்மா பிடித்துக்கொண்டார்.

“தம்பி, பிரெஞ்சுச் சாமியார் கட்டினார், சரி. யாருக்குக் கட்டினார்?”

“கத்தோலிக்கர்களுக்குத்தான், ஆன்ட்டி.”

“கத்தோலிக்கருக்குத்தான் பக்கத்திலேயே கோயில் கோயிலாக இருந்ததே! பிறகு எதற்கு இன்னொன்று?”

உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. நல்லாயன் பேராலயம் 1847-லேயே எழுந்துவிட்டது. குவீன் ஸ்திரீட்டில் புனித பேதுரு பவுல் ஆலயம் 1870-இல் திறக்கப்பட்டது. அங்கேதான் சீனரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் வழிபட்டு வந்தார்கள். இரண்டும் ஓஃபீர் சாலையிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருப்பவை. வழிபட இடமில்லை என்பது மட்டும் காரணமாக இருந்திருந்தால், இருந்த ஆலயத்தை நீட்டிக் கட்டியிருக்கலாம்.

அக்காலத்தில் பூசை, அதாவது திருப்பலி, எல்லாருக்கும் லத்தீனில்தானே நடந்தது, அப்படியிருக்கத் தமிழருக்கென்று தனி ஆலயம் எதற்கு என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்பவர்கள் உண்டு. பூசை லத்தீனில் நடந்தது உண்மைதான். ஆனால் பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், பிள்ளைகளுக்கான ஞானோபதேசம், செபமாலை, சாவு வீட்டில் சொல்லும் மன்றாட்டு ஆகியவை அவரவர் மொழியில் நடந்தாக வேண்டியவை. சாகக் கிடக்கும் ஒரு கிழவி தன் பாவங்களை யாரோ மொழிபெயர்க்கச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தமிழ் தெரிந்த குருவும், தமிழில் உரக்கச் செபித்தால் பக்கத்து வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்க்காத ஓர் இடமும் தேவைப்பட்டன. அதிலிருந்து பிறந்ததே இந்த ஆலயம். தமிழர்கள் இங்கே வந்த பிறகு, பேதுரு பவுல் ஆலயம் சீனக் கத்தோலிக்கர்களின் ஆலயமாக நிலைத்தது.

லூர்து மாதாவின் பெயரும் நம் மக்களுக்கு அந்நியமாக வந்ததன்று. லூர்தில் பெர்னதெத் என்ற சிறுமி மாதாவின் காட்சியைக் கண்டது 1858-இல். அதற்கு அடுத்த இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோயில் எழும்பிவிட்டது. புதுச்சேரியில் ஊழியம் செய்ததும் அதே பாரிஸ் சபைதான். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களுக்கு, இந்தப் பக்தி கடலுக்கு இக்கரையில் புதிதாகக் கற்றுக்கொண்டதாக இருந்திருக்காது.

அன்றைக்கு அம்மா இவ்வளவையும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து தம் பாட்டியின் செபப்புத்தகத்தை எடுத்துக் காட்டினார். முதுகுப்பக்கம் பிய்ந்துபோய்த் துணிப் பிளாஸ்திரி ஒட்டியது, மெழுகு சொட்டி இரண்டு பக்கங்கள் பிரிக்க முடியாமல் சேர்ந்துகொண்டது, நடுவில் ஒரு மாதா படமும் யாரோ இறந்ததற்கான நினைவு அட்டையும். “எங்கள் பாட்டி இதே கோயிலில்தான் இதை வைத்துச் செபித்தார்கள்” என்றார். புத்தகம் கைமாறிக் கைமாறிக் கூட்டம் முழுவதையும் சுற்றி வந்தது. நடையில் வந்திருந்த சீன மாது ஒருவர் அதைப் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். அந்த இளைஞர் தாளின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் கொடுத்த தாளை எழுதியவர்கள்மேல் கொஞ்சம் உண்டு.

கொஞ்சம் வருத்தம் நம்மவர்மேலும் உண்டு. தேக்கா, சிராங்கூன் சாலை இந்துக் கோயில்களைத் தமிழர் மரபுடைமை என்று சொல்லும்போது யாரும் புருவம் உயர்த்துவதில்லை, உயர்த்தவும் கூடாது. அதே பட்டியலில் லூர்து மாதா கோயிலைச் சேர்த்தால் மட்டும், “அது வெள்ளைக்காரன் மதத்துக் கோயிலாயிற்றே” என்று தமிழரே சொல்கிறார்கள். இதை மதச் சண்டையாக்கிப் பின்னூட்டம் இடக் காத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கோயிலும் எதற்கும் மேலானது என்று நான் எழுதவில்லை. தமிழில் வேண்டிக்கொள்வதற்காக எழுந்த ஒரு கட்டடம், கோபுரம் கூம்பாக இருப்பதனால் மட்டும் தமிழருடையது அல்லாமல் போகாது என்றுதான் சொல்கிறேன்.

இன்று அது தமிழருக்கு மட்டும் உரிய ஆலயமா என்றால், இல்லை. 1974 முதல் அது மற்ற பங்குகளைப்போல (பங்கு என்பது ஒரு வட்டாரக் கத்தோலிக்கரின் ஆலயச் சமூகம்) எல்லா இனத்தவருக்கும் பொதுவான பங்கு ஆலயம். தமிழ்த் திருப்பலியும் தொடர்கிறது. அந்த மாற்றத்தை இழப்பு என்று புலம்பும் பெரியவர்களை அறிவேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் இளையோர் தீவின் நாலா பக்கமும் குடிபெயர்ந்த பின் ஒரே மொழியினரை மட்டும் நம்பியிருந்தால் அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிப்பதே பெரும்பாடாகியிருக்கும். 2005-இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இனி அதை இடித்துவிடுவார்களோ என்ற கவலை இல்லை. எதிரே இருந்த வண்ண வண்ண ரோச்சோர் சென்டர் கட்டடங்களே சாலைத் திட்டத்துக்காக மறைந்துபோன வட்டாரம் அது என்பதை நினைத்தால், இது சிறிய ஆறுதல் அன்று.

ஒப்படைப்புக்காகத்தான் கேட்டீர்கள் என்றால், பேதுரு பவுல் ஆலயத்திலிருந்து தொடங்கி, குவீன் ஸ்திரீட்டிலேயே பூகிஸ் கடந்து ஓஃபீர் சாலை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். அன்றைய தமிழர்கள் எவ்வளவு தூரம் இடம் மாறினார்கள் என்பது காலுக்கே தெரியும். தமிழ்த் திருப்பலி முடியும் நேரமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தால் பேசுவதற்கு ஆள் கிடைக்கும். என் அம்மா அங்கே இருந்தால் நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை, அவரே தொடங்கிவிடுவார்.