சிகரட்டை விடுவதற்காக வெற்றிலைக்கு மாறலாமா?

கேள்வி: கல்லடியில் ஓட்டோ ஓடுகிறேன். வயது 36. 16 வருடமாக நாளுக்கு 12 சிகரட் வரை பத்துகிறேன். மனைவி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறா. முதல் தடவையாக விட நினைக்கிறேன். திடீரென்று விட்டால் உடம்புக்கு ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறை, ஆசை வந்தால் வெற்றிலையோடு புகையிலை போடு என்கிறார்கள் கூட ஓடுபவர்கள். சரியா?

பதில்: வெற்றிலை வேண்டாம், தம்பி. புகையிலையைக் கொடுப்பில் அடக்கினாலும் அதே நிக்கொட்டின்தான் இரத்தத்தில் சேர்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெறும் வெற்றிலைக்கூறிலும் பாக்கு இருக்கிறதே, அந்தப் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல் அறிவித்தது. வீட்டுக்கு வந்தவருக்கு வட்டாவில் வெற்றிலை நீட்டுகிற ஊர் நம்முடையது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சிகரட்டை ஒரேயடியாக விடுவதில் ஆபத்தில்லை. நெடுநாள் சாராயம் குடித்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், சிகரட்டில் அப்படியில்லை. நாள் குறித்து ஒரே நாளில் விடுபவர்களுக்கே கூடுதலாகக் கைகூடுகிறது. எரிச்சல், பசி, நித்திரைக் குழப்பம், மலச்சிக்கல் வரும். 2ஆம், 3ஆம் நாள்தான் கடுமை; 2 முதல் 4 கிழமைக்குள் தணிந்துவிடும். இருமலும் சளியும் சில நாள் கூடலாம். மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளும் நுண்மயிர்கள் திரும்ப வேலை செய்யத் தொடங்குவதால் வருவது அது. சளியில் இரத்தம் கண்டால் மட்டும் உடனே டொக்டரிடம் போங்கள்.

உங்களுக்குப் பெரிய சோதனை தேத்தண்ணிக் கடைதான். பிளேன்டீயும் சிகரட்டும் 16 வருடமாகச் சேர்ந்தே வந்திருக்கும். இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது: சிகரட் புகை, தேயிலையிலுள்ள கஃபீனை உடம்பு வேகமாக வெளியேற்ற வைக்கிறது. புகை நின்றதும் அது கூடுதல் நேரம் தங்கும். அதே ஐந்து கோப்பை குடித்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. சிகரட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு கிழமை தேத்தண்ணியைப் பாதியாகக் குறையுங்கள். குடிப்பதை வீட்டில் குடியுங்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ, தொய்வுக்குத் தியோபிலின் குளிசையோ எடுப்பவராக இருந்தால் விடப்போவதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்ற வேண்டி வரலாம்.

ஆசை அலைபோல எழும், சில நிமிடத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்துக்குத் தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, பாலத்துக் காற்றில் ஒரு சின்ன நடை. சில்லறையாக ஒன்று வாங்கக் கூடிய கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்த வேண்டாம்.

எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் வேண்டுமென்றால் பழக்கம் ஆழமானது. அப்படியானால் நிக்கொட்டின் சூயிங்கம் அல்லது ஒட்டுப்பட்டை பற்றிப் போதனா வைத்தியசாலையிலோ குடும்ப வைத்தியரிடமோ கேளுங்கள். சூயிங்கத்தைச் சாதாரணமாக மெல்லக் கூடாது. காரம் தெரியும் வரை மென்று கொடுப்பில் அடக்கி வைக்க வேண்டும். புகையிலை, மதுசார அதிகார சபையின் 1948 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இடையில் ஒன்று பத்திவிட்டால் மறு நாளுக்குத் தள்ளிப் போடாமல் அந்த நிமிடத்திலிருந்தே மீண்டும் நிறுத்துங்கள். உங்கள் புகை மனைவியின் மூச்சிலும் போகிறது. அதனால் குழந்தை நிறை குறைந்து பிறக்கலாம். குறித்த நாளுக்கு முதல் இரவே ஓட்டோவிலுள்ள லைட்டரை எறிந்து, சீட் உறைகளைக் கழுவிப் போடுங்கள்.