அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள்

வணக்கம் ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி கொஞ்ச நாளாக யாரோடும் சேராமல் இருக்கிறாள். சாப்பாட்டையும் அப்படியே திருப்பி எடுத்துப் போகிறாள். கூப்பிட்டுக் கேட்டால், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க டீச்சர், அப்பதான் சொல்வேன்” என்கிறாள். எங்கள் பள்ளியில் ஆலோசகர் கிடையாது. நான் என்ன செய்யட்டும்?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். அவள் சொல்லப்போவது பாலியல் தொல்லையாக இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைப்பது குற்றம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “உனக்கு ஆபத்துன்னா நான் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன். யாரைன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன். மத்தது நம்மோட இருக்கும்.” பிள்ளைகளுக்கு இது புரியும். அவர்களுடைய பெரிய பயம், விஷயம் ஸ்டாஃப் ரூமில் பேச்சாகி மறுநாள் வகுப்பே தன்னைத் திரும்பிப் பார்ப்பதுதான். எனவே அக்கறையோடுகூட சக ஆசிரியர்களிடம் இதைப் பேச வேண்டாம்.

“செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

சிகிச்சை தருவது உங்கள் வேலை இல்லை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் 18 வயது ஆகாத பிள்ளைக்குச் சிகிச்சை என்றால் பெற்றோர் வர வேண்டும். பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இல்லை என்று தெரிந்த பிறகு அம்மாவை வரச் சொல்லுங்கள். மனநோய் என்று ஆரம்பித்தால், “எம் பொண்ணு என்ன பைத்தியமா?” என்று எழுந்து போய்விடுவார். தூக்கம், சாப்பாடு என்று அவர் கண்ணால் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

பாடமும் நடத்தி, விடைத்தாளும் திருத்தி, இதையும் நீங்களே சுமப்பது நியாயமே இல்லை. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன மாணவி இறந்த வழக்கில், 100 பேருக்குக் குறையாத மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு, முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாணவியின் பேர் எதிலும் வர வேண்டாம்.