'ஏன்' என்பதையும் எழுதிவையுங்கள்: வணிகப் பகுப்பாய்வாளர்களுக்கான பணிக் குறிப்பேடு, கேள்வி-பதில்

கேள்வி: பணிகளைப் பதிந்து வைக்க ஜிரா மென்பொருள் இருக்கிறது, கூட்டக் குறிப்பு இருக்கிறது, மின்னஞ்சல் குவிந்து கிடக்கிறது. இதற்கு மேல் தனியாக ஒரு பணிக் குறிப்பேடு எதற்கு ஐயா?
- செங்காங் வாசகர்

பதில்: பயனாளருக்கு என்ன தேவை என்று கேட்டறிந்து மென்பொருள் எழுதுவோருக்கு விளக்குவது நம் வேலை. நீங்கள் சொன்ன மூன்றிலும் என்ன முடிவானது என்பது இருக்கும். ஏன் அப்படி முடிவானது, எந்த யோசனை தள்ளப்பட்டது, யார் அரைமனத்தோடு தலையாட்டினார் என்பதெல்லாம் பெரும்பாலும் இராது. ஆறு மாதம் கழித்து மென்பொருள் சோதனைப் பிரிவினர் வந்து கேட்கப்போவது அதைத்தான்.

சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 2024 ஜனவரி 1ஆம் தேதி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனதை எடுத்துக்கொள்வோம். ஒரு அறைகலன் கடையின் விற்பனை மென்பொருளை அதற்கேற்ப மாற்றும் பொறுப்பு உங்களுடையது என்று வையுங்கள். தேவைப் பட்டியலில் 'வரி விகிதம் 9 ஆக வேண்டும்' என்று ஒரே வரி இருக்கும். குறிப்பேட்டில் இருக்க வேண்டியது இது:

"நவம்பர், செவ்வாய். டிசம்பரில் விற்று ஜனவரியில் திரும்பி வரும் பொருளுக்கு 8 விழுக்காட்டிலேயே கிரெடிட் நோட் (பணம் திருப்புவதற்கான சீட்டு). காரணம்: விற்றபோது வாங்கிய வரியைத்தான் திருப்பித் தர முடியும். தள்ளிய யோசனை: எல்லாவற்றுக்கும் நடப்பு விகிதம், நிரல் எழுதச் சுலபம் என்றார்கள். முடிவெடுத்தவர்: கணக்குப் பிரிவு மேலாளர். கிடங்கில் இன்னும் கேட்கவில்லை. நெருடல்: டிசம்பரில் பாதிப் பணம் கட்டி, ஜனவரியில் சோபாவை எடுப்பவருக்கு என்ன கணக்கு?"

அந்தக் கடைசி வரிக்காகவே குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். முன்பே கட்டிய பகுதிக்கு 8, மீதிக்கு 9 என ஒரே விற்பனையில் இரண்டு விகிதம் வந்து நிற்கும். ஒரு பில்லுக்கு ஒரு விகிதம் என்று எழுதிய நிரல் அங்கேயே படுத்துவிடும். கூட்டத்தில் யாரும் எழுப்பாத கேள்வி கூட்டக் குறிப்பில் எப்படி வரும்? வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் நின்றபடி உங்களுக்கு மட்டும் உறைத்தது அது. மறுநாள் காலைக்குள் எழுதாவிட்டால் போயே போய்விடும்.

கேள்வி: நோட்டுப் புத்தகமா, ஒன்நோட்டா, எக்செல்லா? நல்ல படிவம் ஒன்று சொல்லுங்களேன்.
- தெம்பனிஸ் வாசகி

பதில்: எது கைக்கு எட்டுகிறதோ அது. தேதி, திட்டம், முடிவு, காரணம், நெருடல்: இவ்வளவு போதும். படிவத்தை அழகுபடுத்துவதில் ஒரு வாரம் செலவழிப்பவர்கள் அதற்கு அடுத்த வாரம் எழுதி நான் பார்த்ததில்லை.

கேள்வி: வணிகப் பகுப்பாய்வாளர்களுக்கான சிபிஏபி (CBAP) சான்றிதழுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். பத்தாண்டு அனுபவம் இருக்கிறது, ஆனால் எந்தக் கணக்கும் வைக்கவில்லை. என்ன செய்வது?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அனுபவம் இருப்பது வேறு, அதை மணிக்கணக்கில் காட்டுவது வேறு. இந்தச் சான்றிதழை வழங்கும் ஐஐபிஏ (IIBA) அமைப்பு சிபிஏபிக்குக் கடந்த 10 ஆண்டுகளில் 7,500 மணிநேரப் பகுப்பாய்வுப் பணியைக் கேட்கிறது. அதற்கு ஒரு படி கீழே உள்ள சிசிபிஏ (CCBA) சான்றிதழுக்கு 7 ஆண்டுகளில் 3,750. மொத்தம் தேறினால் மட்டும் போதாது. திட்டமிடல், தகவல் திரட்டல், தேவைகளின் மேலாண்மை, உத்திப் பகுப்பாய்வு, தேவைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும், தீர்வு மதிப்பீடு என்று அவர்கள் பிரிக்கும் ஆறு துறைகளில், சிபிஏபிக்கு நான்கிலாவது தலா 900 மணிநேரம் வேண்டும். பலருக்கும் இடிப்பது இங்கேதான். தகவல் திரட்டலில் மணிநேரம் கொட்டிக் கிடக்கும். தீர்வு மதிப்பீட்டில் கை விரிப்பார்கள், ஏனென்றால் மென்பொருள் ஓடத் தொடங்கியதும் அவர்களை அடுத்த திட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பழைய நாள்காட்டியையும் திட்ட அட்டவணைகளையும் வைத்து, திட்டவாரியாக நேர்மையாக மதிப்பிடுங்கள். இனிமேல் வாரக் கடைசியில் துறைவாரியாக மணிநேரத்தைக் குறியுங்கள். 'கூட்டம், 2 மணிநேரம்' என்று எழுதினால் பயனில்லை. அந்தக் கூட்டத்தில் நீங்கள் செய்த வேலை என்ன? விண்ணப்பிக்கும் முன் அவர்கள் இணையத்தளத்தில் விதிகளை ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: ஒரு வங்கியில் ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். ஒப்பந்தம் முடியும்போது குறிப்பேட்டை எடுத்துப்போகலாமா? வெண்பலகையைக் கைப்பேசியில் படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.
- பொங்கோல் வாசகி

பதில்: கூடாது. படத்தை என்ன செய்வது என்று இன்றே உங்கள் மேலாளரிடம் கேளுங்கள்.

சிங்கப்பூர் வங்கிச் சட்டத்தின் 47ஆவது பிரிவு வாடிக்கையாளர் தகவலின் ரகசியத்தைக் காக்கிறது. அதை மீறுவது குற்றம். மாதிரித் தரவு என்ற பெயரில் எடுத்த கணினித் திரையின் படத்தில் (ஸ்கிரீன்ஷாட்) உண்மையான ஒருவரின் அடையாள அட்டை எண் இருந்தால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். அரசாங்கத் திட்டம் என்றால் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் வேறு.

இரண்டாகப் பிரித்து வையுங்கள். திட்ட விவரம் உள்ளது நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கட்டும். உங்களுடையதில் மணிநேரம், பயன்படுத்திய உத்தி, கற்ற பாடம் மட்டும். வாடிக்கையாளர் பெயரோ கணக்கு எண்ணோ புதிய சேவையின் விவரமோ வேண்டாம். அதற்கும் உங்கள் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று படித்துப் பாருங்கள்.

கேள்வி: 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்கிறார் மேலாளர். குறிப்பேட்டை எடுத்துக் காட்டட்டுமா?
- ஈசூன் வாசகர்

பதில்: வேண்டாம். நீங்களே எழுதியது அவருக்கு எப்படிச் சாட்சியாகும்? சண்டைதான் முற்றும். அன்று மாலையே இரண்டு வரி மின்னஞ்சல் போட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திராது: "இன்று இப்படி முடிவானது என்று புரிந்துகொண்டேன், தவறிருந்தால் சொல்லுங்கள்." குறிப்பேட்டில் எந்த வரியை மின்னஞ்சலாக்க வேண்டும் என்று தினமும் பார்ப்பதும் எழுதுவதில் ஒரு பகுதிதான். அவரைப் பற்றிய கோபத்தை அதில் கொட்டாதீர்கள். அலுவலகக் கணினியில் இருப்பதை ஒருநாள் வேறு யாராவது திறக்கக்கூடும்.

கேள்வி: தமிழில் எழுதலாமா?
- ஜூரோங் வாசகர்

பதில்: தாராளமாக. பயனாளர் சொன்னதை மட்டும் அவர் சொன்ன மொழியிலேயே, சொன்னபடியே எழுதுங்கள். நிறுவனக் குறிப்பேட்டை உங்களுக்குப் பிறகு தமிழ் தெரியாதவர் எடுத்து நடத்துவார் என்றால், அங்கே ஆங்கிலமே சரி.

கேள்வி: மூன்று வாரம் விட்டுப்போயிற்று. உட்கார்ந்து முழுவதையும் எழுதவா?
- பிடோக் வாசகி

பதில்: வேண்டாம், பாதி கற்பனையாகிவிடும். நாள்காட்டியைத் திறந்து, அந்த வாரங்களில் எடுத்த முடிவுகளை மட்டும் குறியுங்கள். பக்கத்தில் 'பின்னர் எழுதியது' என்று போட்டுவிட்டு, இன்றைய தேதியிலிருந்து தொடருங்கள்.