கருகிய பிளக் பாயிண்ட்: செலவு யாருடையது?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் 8,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறோம். அட்வான்ஸ் 24,000. ஒப்பந்தம் முறையாகப் பதிவாகியிருக்கிறது. சமையலறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதில் அடாப்டர் போட்டு மிக்சி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஓட்டுகிறோம். சாயங்காலம் தட்டுவடை செட் போட்டு விற்கிறேன். சட்னி அரைக்கும்போது மூன்றும் சேர்ந்து ஓடும். போன வாரம் போர்டு கருகிவிட்டது. வீட்டுக்காரர் அட்வான்ஸில் 10,000 பிடிப்பேன் என்கிறார். பிடிக்கலாமா?

பதில்: சகோதரி, சட்டம் அப்புறம். முதலில் அந்த அடாப்டரைக் கழற்றுங்கள், மெயினை அணைத்துவிட்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு துளை உருகிப் பழுப்பாகியிருக்கிறது, மேலே டைல்ஸ் வரை கரி ஏறியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும்.

இது 6 ஆம்ப்ஸ் பாயிண்ட். 230 வோல்ட்டில் சுமார் 1,380 வாட் வரைதான் அது தாங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே முழு வேகத்தில் 2,000 வாட் இழுக்கும். அதன் பிளக்கில் தடித்த பின் இருப்பதே, சின்னப் பாயிண்டில் நுழையக் கூடாது என்பதற்காகத்தான். அந்தத் தடையை அடாப்டர் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. 'எம்.சி.பி. டிரிப் ஆகவே இல்லையே' என்றும் எழுதியிருக்கிறீர்கள். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச். அது மொத்தக் கரண்டைத்தான் பார்க்கும். அடாப்டருக்குள் பின் லூசாகிச் சூடேறுவது அதற்குத் தெரியாது.

சரி, செலவுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பழுதுபார்க்கும் பொறுப்பை இருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆகவே சாக்கெட்டும் போர்டும் உங்கள் செலவுதான். சுவருக்குள் ஓடும் வயர் பழசாகி இற்றுப்போயிருந்தால் அவர்தான் மாற்ற வேண்டும். ஆனால் நீங்கள் ஏற்றிய லோடால்தான் வயர் உருகியது என்றால் கவனக்குறைவால் வந்த சேதம் என்று அவர் வாதாடலாம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு.

அதனால் உங்கள் வழக்கு முழுவதும் வயர்மேன் எழுதித் தரும் ஒரு தாளில் நிற்கிறது. உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டு, வயரின் தடிமன், நிலைமை, எர்த் இருக்கிறதா, எது எதனால் கருகியது என்று தேதியும் கையெழுத்துமாக வாங்குங்கள். அதன் நகலோடு வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வயரிங் பழுது அவருடையதாக இருந்து அவர் செய்ய மறுத்தால், நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல், அதாவது 4,000க்கு மேல், கழிக்கக் கூடாது.

அவரும் மனதில் தோன்றிய 10,000ஐ அட்வான்ஸில் பிடிக்க முடியாது. உங்கள் பங்குப் பழுதை நீங்கள் செய்ய மறுத்தால், ஆன செலவை மட்டும்தான் பிடிக்கலாம். ஒத்துவரவில்லையென்றால், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள்.

புதுப் பாயிண்ட் கேட்டுக் கட்டாயப்படுத்த அந்த அட்டவணையில் இடமில்லை. பேசித்தான் வாங்க வேண்டும். தனி வயர் இழுத்து 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் ஒன்று போட நீங்கள் பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள். அதுவரை இண்டக்‌ஷன் வேண்டாம். மிக்சியையும் கிரைண்டரையும் சேர்த்து ஓட்டாமல், ஒன்று முடிந்த பிறகு மற்றதை ஓட்டுங்கள்.

இன்னொன்று, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்தால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126 பாயலாம். இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். புகார் என்று போகுமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று கேட்டுவிடுங்கள்.

கருகிய அடாப்டரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.